படம் முடிந்த இடம்

ஈப்போ அலுவலகத்தில் எல்லாரும் பாஸ்கலின் கணினித் திரையைச் சுற்றி நின்றார்கள். அதில் ஓடிய படத்தில், போர்க்கப்பலை நோக்கிப் பாய்ந்த சோதனை ஏவுகணை, கப்பலில் பொருத்திய அவர்களுடைய புதிய கருவி வீசிய போலி இலக்கைப் பார்த்து ஏமாந்து, கடைசி நொடியில் விலகிப் போனது. கைதட்டல் எழுந்தது.

"சோதனை அறிக்கையில கையெழுத்துப் போடுங்க பாஸ்கல். கருவிய நாளைக்கே கடற்படைக்கு அனுப்பிடலாம்லா," என்றார் மேலாளர் யுவனேஸ்வரன்.

பாஸ்கல் பேனாவைத் தொடவில்லை. "விலகின ஏவுகணை எங்க போச்சு பாஸ்?"

"கடல்ல விழுந்திருக்கும். கப்பல் தப்பிச்சிருச்சு, அது போதும்லா."

"படத்த இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க."

"அதுக்கு மேல யாரும் எடுக்கல."

"அப்ப கையெழுத்து இல்ல."

கணினிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் தம்பி திமோத்தியின் புகைப்படம். ஏவுகணை தாக்கி நடுக்கடலில் இறந்தவன். அதற்குப் பிறகுதான் பாஸ்கல் இந்த வேலைக்கே வந்தார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

உடன் வேலை செய்யும் நித்யகல்யாணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க அண்ணே. இந்தக் கருவி அன்னைக்கு இருந்திருந்தா உங்க தம்பி பொழச்சிருப்பாரு. நீங்களே தடுக்கலாமா?"

"இருந்துச்சும்மா. இதே மாதிரி ஒன்னு அன்னைக்கும் இருந்துச்சு. போர்க்கப்பல்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

"அப்புறம் எப்படிண்ணே?"

பாஸ்கல் புகைப்படத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"இது நேவி உடுப்பு இல்லம்மா, சமையல்காரன் உடுப்பு. பின்னால வந்த சரக்குக் கப்பல்ல இருந்தான்."