டீக்கடை இல்லாத ஊரு

"தம்பி, அரண்மனையெல்லாம் வேண்டாங்க. நேரா நடங்க"ன்னாரு நஞ்சப்பன்.

"எல்லாரும் மொதல்ல அதத்தான் சார் கேப்பாங்க. அந்தாண்ட ஒரு சந்து இருக்கு. எதுருல ஆள் வந்தா நாம பின்னாலயே நடந்து வெளிய வரணும், அவ்ளோ ஒடுக்கம்"ன்னாரு கைடு.

"சந்தும் வேண்டாங்க."

காலுக்கடியில பனி நறுக்கு நறுக்குன்னு நொறுங்குது. மத்தியானம் ஒரு மணிதான், அதுக்குள்ள பொழுது சாஞ்ச மாதிரி கெடக்குது ஸ்டாக்ஹோம். நஞ்சப்பன் மேல ஒரு பனியனும் வேட்டியுந்தான்.

குளுரு எப்படித் தெரியும், ஆளு கடத்தூர்ல வூட்டுக்குள்ள பாய் மேல ஒக்காந்திருக்காரு. செல்போனு ஒரு சொம்புல சாஞ்சு நிக்குது. அதுக்குள்ளதான் அந்த ஊரும், பனியும், நடக்கற கைடோட கொரலும்.

நமக்குன்னு தனியா நடந்து, வீடியோவுல ஊரக் காட்டற ஆளாம். தமிழ் பேசற கைடு அந்த ஊருக்கே ஒருத்தர்தான், பேரு ராஜா. பெரிய பொண்ணு கோகிலவாணிதான் தேடிப் புடிச்சா. அம்மாளும் சின்னவளும் கல்யாண ஜாக்கெட் வாங்க மொரப்பூர் போன நேரம் பாத்து ஒக்காந்துட்டாங்க அப்பனும் மகளும்.

சின்னவ தேவிப்பிரியாவுக்கு இன்னும் பன்னண்டு நாள்ல கல்யாணம். மாப்ள அருண்குமாரு பொம்மிடிக்காரரு, ஸ்டாக்ஹோம்ல இஞ்சினியரு. நிச்சயம் பண்ணதுலருந்து ஞாயித்துக்கெழமையானா "மாமா, சாப்டீங்களா"ன்னு போன் வந்துரும். ஆம்பளப் புள்ள இல்லாத மனுசன், அந்த ஒரு மாமாவுல கரைஞ்சே போயிட்டாரு.

ஒரு மாசமா போன் இல்ல. போட்டாலும் எடுக்கறதில்ல. 'வேல ஜாஸ்தி மாமா'ன்னு மெசேஜ் மட்டும் வருது.

"பக்கத்துல டீக்கட இருந்தா கொஞ்சம் விசாரிங்க தம்பி, பையன் எப்படின்னு."

"காபிக்கட இருக்கு சார். ஆனா இங்க யாரும் யாரப் பத்தியும் பேச மாட்டாங்க." கைடு இருமுனாரு. "தொண்ட கட்டிக்கிச்சு சார். இந்தப் பனிக்கு பேச்சே வர மாட்டேங்குது."

"விசாரிச்சு மட்டும் என்னாப்பா ஆச்சு"ன்னா கோகிலா, மெதுவா.

அவளக் குடுக்கறப்ப மாப்ள ஊர் டீக்கடையில ரெண்டு நாள் ஒக்காந்து விசாரிச்சாரு நஞ்சப்பன். தங்கமான பையன்னு பத்து பேரு சொன்னாங்க. கல்யாணமாகி ஏழாம் மாசம் ரெண்டு கையிலயும் சூட்டுத் தழும்போட வந்து எறங்குனா. நாலு வருசமாச்சு, இன்னும் முழுக்கை ஜாக்கெட்டுதான் போடறா.

"சின்னவளும் அப்படி வந்து நின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் சாமி"ன்னாரு. மாப்ள குடுத்திருந்த வெலாசத்த எழுத்துக் கூட்டி கைடுக்குப் படிச்சா கோகிலா.

கொஞ்ச நேரத்துல ஒரு மஞ்சக் கட்டடம் வந்துச்சு. கீழ்க் கதவுல பூட்டு இல்ல, நம்பர் பொத்தானுங்க. கையுறை போட்ட வெரலு நாலு நம்பர அமுக்குச்சு, கதவு தொறந்துக்குச்சு. வெளிநாட்ல இதெல்லாம் இப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டாரு நஞ்சப்பன்.

ரெண்டாவது மாடி. ஒரே கதவுல நாலு பேரோட பேரு ஒட்டியிருக்கு. மூணாவது பேரு அருண்குமார்.

"தனி வூடுன்னாங்களே தம்பி."

"ஒரே ரூம்தான் சார். நாலு பேரும் அதுலதான்."

நஞ்சப்பன் போனு பக்கம் நகந்து ஒக்காந்தாரு. "சரி, கம்பெனியக் காட்டுங்க. வேல நல்ல வேலதான்."

அடுத்த முக்குலயே இருந்துச்சு கம்பெனி. கண்ணாடிக் கட்டடம், உள்ள ஒரு நாற்காலி கூட இல்ல. கதவுல ஏதோ நோட்டீஸு.

"மூடி ரெண்டு மாசமாச்சு சார். வேற வேல கெடைக்கலைன்னா ஊருக்குக் கெளம்பச் சொல்லிருவாங்க. அதான் இங்க சட்டம்."

"அவுங்க அப்பா அம்மாளுக்காச்சும் தெரியுமா?"ன்னு கேட்டா கோகிலா.

"தெரியாதுங்க." ஒரு இருமல். "தெரிஞ்சிருக்காது."

நஞ்சப்பன் தலையில கை வெச்சுக்கிட்டாரு. பத்திரிகை முக்காவாசி குடுத்தாச்சு. இனி அந்தந்த வாசப்படியில போயி நின்னு கல்யாணம் இல்லன்னு சொல்லணும். மூத்தவ திரும்பி வந்துட்டா, சின்னவளுக்குப் போறதுக்கு முந்தியே நின்னு போச்சுன்னு பேசுவாங்க. அப்புறம் அவள எவன் கேட்டு வருவான்?

ஒரு வேள வேற வேல கெடைச்சிட்டா? கண்ண மூடிக்கிட்டு கட்டி வெச்சிட்டா?

கோகிலாவப் பாத்தாரு. அவ மொழங்கையத் தடவிக்கிட்டு ஒக்காந்திருந்தா.

சொம்புலருந்து போன எடுத்து மூஞ்சிக்கு நேரா புடிச்சாரு. "தம்பி, நீங்க எனக்கு யாரோ. யாரோங்கறதாலதான் கேக்கறேன். டீக்கடையில பத்து பேரு எங்கிட்ட பொய் சொன்னாங்க. நீங்க ஒருத்தராச்சும் நெசத்தச் சொல்லுங்க. எம் பொண்ணக் குடுக்கலாமா?"

பனி நொறுங்கற சத்தம் நின்னு போச்சு. படம் கீழ எறங்கி, ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் தெரிஞ்சுது.

"சொல்லு சாமி."

"குடுக்காதீங்க மாமா."