அரைஞாண் கயிறு

ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, பிழைத்து வீடு வந்த பிள்ளை. இடுப்பில் கட்டிய கறுப்பு அரைஞாண் கயிறு முதலில் வழுக்கி வழுக்கிக் காலுக்கு வந்துவிடும். இப்போது பூரணி வாரந்தோறும் முடிச்சைத் தளர்த்திக் கட்டவேண்டியிருந்தது. எடை பார்த்த நர்ஸ் சிரித்தாள். “குறைமாசப் பிள்ளைன்னு யாரு சொல்லுவா? இனிமே எல்லாம் அப்பா வழி உடல்வாகுதான்மா.”

பூரணியின் கணவன் தாணு சிரிக்கவில்லை.

அன்று மாலை குளிப்பாட்டும்போது பிள்ளையின் இடுப்பைச் சுற்றிச் சிவந்த கோடு ஒன்று தெரிந்தது. அவள் தளர்த்தியிருந்த முடிச்சை யாரோ இறுக்கியிருந்தார்கள்.

“ஏங்க, நீங்களா இறுக்குனீங்க?”

தாணு பிள்ளையின் பக்கம் திரும்பாமலே சொன்னான். “எங்கண்ணனும் ஏழு மாசத்துல பொறந்தவன்தான்.”

“உங்களுக்கு ஏது அண்ணன்?”

தாணு எழுந்துபோய்ப் பின்னறைப் பூட்டை இழுத்துப் பார்த்தான். அவள் கயிற்றை நன்றாக விட்டுக் கட்டி, பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள்.

காலையில் கயிறு அறுந்து தரையில் கிடந்தது. பிள்ளை அசந்து தூங்கியது; பாதங்கள் இரண்டும் தொட்டில் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் போட்ட சத்தத்தில் தாணு ஓடிவந்தான். ஆனால் அவன் பார்த்தது பூட்டியே கிடக்கும் பின்னறையின் வாசலை. வீட்டிலேயே அந்த வாசலை மட்டும், மேல் சுவரை இடித்துக் கூரை வரைக்கும் உயர்த்தியிருந்தார்கள்.

“அந்த ரூமைச் சுத்தம் பண்ணி வைக்கணும்” என்றான்.