யாரோ ஒருத்தியின் குசினி

முதலில் மூக்குத்தான் தெரிந்தது.

பிறகு தாடி. பிறகு கண்கள். போனில் படம் நின்று நின்று வந்தது. அவள் மூச்சைக்கூட விடவில்லை. விட்டால் தொடர்பு அறுந்துவிடுமோ என்று பயம்.

உயிரோடு இருக்கிறான். கடவுளே, உயிரோடு இருக்கிறான்.

கோயில் தேருக்கு முன்னர் கடைசியாகப் பேசியவன். இங்கே மாரி பெய்து ஓய்ந்தும் விட்டது.

"இஞ்சேர், சாப்பிட்டீரோ?" என்றான்.

கேட்கிற கேள்வியைப் பார்! எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு அவளைக் கேட்கிறான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கையை உள்ளே விட்டு, அந்தத் தாடியைப் பிடித்து இழுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் போலிருந்தது.

இத்தாலி என்றுதான் ஏஜென்சிக்காரன் ஏற்றினான். நாசமாய்ப் போவான். இறக்கியது வேறொரு நாட்டில். வாசிக்கத் தெரியாத தாளில் ஒரு கையெழுத்து. மறுநாள் சீருடை. அந்தப் பெரிய நாடு பக்கத்து நாட்டுக்குள் டாங்கிகளோடு புகுந்திருந்தது. அந்த டாங்கிகளுக்கு முன்னால் தள்ளிவிட இவள் புருஷன் கஜீபன்தான் கிடைத்தான்.

"சமைக்கத்தான் விட்டிருக்கிறாங்கள். நான் ஒருத்தரையும் சுடேல்ல. பயப்பிடாதையும்."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

"நேபாளப் பெடியன்ர போன் இது. கனநேரம் கதைக்கேலாது. பாரும், இதுதான் நாங்கள் இருக்கிற வீடு."

சுற்றிக் காட்டினான். குசினி. அடுப்படி ஜன்னலில் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை. சுவர்த்தட்டு நிறையப் போத்தல்கள். போத்தல் நிறைய ஊறப்போட்ட வெள்ளரிக்காய்.

"நல்ல ருசி," என்றான். தன் வீட்டு அலுமாரியைத் திறந்து காட்டுகிறவன் மாதிரி.

அவளுக்குச் சுருக்கென்றது. அதை ஊறப்போட்டவள் யாரோ. அடுத்தவன் நாட்டுக்குள் புகுந்தவர்களுக்கு அடுத்தவள் குசினி மட்டும் என்ன பெரிதா?

மேசையில் ஒரு சட்டி. துணி போட்டு மூடியிருந்தது. துணி விலகிய இடத்தில் மா தெரிந்தது. குழைத்த மா. காய்ந்து வெடித்துக் கிடந்தது.

மாவைக் குழைத்து மூடிவைத்துவிட்டு எந்தப் பெண்ணும் தானாக வீட்டை விட்டுப் போகமாட்டாள்.

அவள் பிறந்த வீட்டிலும் ஒரு படை வந்து இருந்தது. அம்மாவின் சட்டியில் சமைத்தது. அம்மாவின் தலையணையில் படுத்தது. போகும்போது அண்ணனையும் கொண்டுபோனது.

"வீட்டுக்காரர் எங்க?" என்றாள்.

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை. கண் இமைத்தது.

"பின் வளவில," என்றான், மெல்ல. "வயசுபோனவர் ஒராள். ஒரு பொம்பிளை. ரெண்டு பிள்ளையள். கை கட்டினபடி கிடக்கினம். மண்ணும் போடேல்ல, பனிதான் மூடிக் கிடக்கு. நான் வரமுந்தி நடந்தது. உம்மாணை, நான் இல்லை. ஆர் செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். அவன்தான் எங்களுக்குப் பெரியவன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பங்குனியில விட்டுடுவாங்களாம். வாயைத் திறக்காமல் இருந்தால் காணும் எண்டு பெடியள் சொல்லுறாங்கள்."

பங்குனி. இதோ, வந்துவிடும். அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்தப் படலையைத் திறந்துகொண்டு வருவான். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து பசிக்கிறது என்பான். இரவில் கையை அவள் மேல் போட்டுக்கொண்டு குறட்டை விடுவான். அந்தக் குறட்டைக்கு எத்தனை நாள் ஏங்கிப்போனாள்!

திறக்காதேங்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அம்மா நினைவில் வந்து குறுக்கே நின்றாள்.

அண்ணனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் அவளும் தெருவோரக் கொட்டகையில், அவன் எங்கே என்று கேட்டு, வருடக்கணக்காக இருந்தவர்கள். யார் யாரோ வந்தார்கள். கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். எல்லாரிடமும் அம்மா ஒன்றைத்தான் கேட்டாள். அந்தப் படையில் இருந்த ஒருத்தன், ஒரே ஒருத்தன், கண்டதைச் சொல்ல மாட்டானா? அவனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்தானே? அவளாவது சொல்லச் சொல்ல மாட்டாளா?

ஒருத்தியும் சொல்லவில்லை. அம்மா கேட்டபடியே செத்துப்போனாள்.

"இஞ்சேர், அழாதையும். நான் வந்துடுவன்."

"பின் வளவில கிடக்கிறவையை எனக்குக் காட்டுங்கோ," என்றாள்.

"உமக்கென்ன விசரே?"

"இந்தக் கோலிலயே காட்டுங்கோ. நான் இஞ்ச பதிஞ்சு வைக்கிறன். அந்தப் பெரியவன்ர பேரையும் சொல்லுங்கோ. விசாரிக்கிற இடத்தில நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"கண்டாங்களெண்டால் என்னையும் அவையோடதான் போடுவாங்கள்."

தெரியும். தெரிந்துதான் கேட்டாள். கேட்ட வாயில் அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அவளுக்கு அவன் வேண்டும். வேறெதுவும் வேண்டாம், அவன் வேண்டும்.

அவன் குரல் இறங்கியது.

"பிறகு நான் வராட்டி?"

அவனையே பார்த்தாள். நெற்றியை, வெடித்த உதட்டை, தாடிக்குள் புதிதாக வந்திருந்த நரையை. ஒன்றும் விடாமல் பார்த்தாள்.

"காட்டுங்கோ," என்றாள்.

அவன் எழுந்தான். கதவு கிறீச்சிட்டது. காற்று இரைந்தது.

பதியும் பொத்தானை அழுத்தினாள்.

அவன் கமராவைத் திருப்பினான்.

அவன் முகம் போய்விட்டது.