புகாரி மாமா

ஊதினார்.

குழாய் பல்லுக்கிடையில் இருந்தது. கன்னம் உப்பியது. கண் பிதுங்கியது.

"வுடாதீங்க, வுடாதீங்க, இன்னும், இன்னும்," என்றாள் பரிசோதனை அறைப் பெண்.

விடவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே இல்லாததையும் சேர்த்து ஊதினார்.

முடிந்ததும் மகளைப் பார்த்தார். பாஸா, என்பதுபோல.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றெல்லாம் பலூன் ஊதிப் பழகியிருக்கிறார். காலையில்தான் அம்மா சொன்னாள். பட்டாளத்தில் இருந்தவரை அப்படித்தான். மெடிக்கல் என்றால் தேற வேண்டும். இருமல் வந்தால் விழுங்க வேண்டும். ஃபிட் என்று சொல்லிவிட்டால் போதும்.

இன்று தேறக் கூடாது. நோய் பட்டாள வேலையால் வந்தது என்று எழுத வைக்க வேண்டும்.

அதை இந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது?

போன முறை இதே மாதிரி ஓர் அறையில், நுரையீரல் போனதற்குக் காரணம் பீடி என்று முடிவு கட்டினார்கள். பீடியைக் கையால் தொட்டவரில்லை. "சொல்லிட்டுப் போறாங்க, வுடும்மா," என்றார். அவள் விடவில்லை. அலைந்து, சண்டை போட்டு, மறுபடி பார்க்க வைத்திருக்கிறாள். இதுதான் கடைசி. இன்றும் வாயைத் திறக்காவிட்டால் சாகிற வரை அவர் பீடி குடித்துக் கெட்டவர்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரு ராணுவ மேஜர். சின்ன வயது. திருநெல்வேலிப் பேச்சு.

"மாடி ஏறுனா மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்."

அவர்கள் வீட்டில் ஏது மாடி.

"ராத்திரி?"

"நல்லாத் தூங்குவேன் சார்."

உட்கார்ந்துகொண்டு. சுவரில் சாய்ந்துகொண்டு. அதைச் சொல்லவில்லை.

"பொய் சொல்றாரு சார்." அவள் குரல் உயர்ந்தது.

மேசைக்கடியில் அவள் கையைத் தட்டினார்.

"நீயும் புகாரி மாதிரி எரியாதம்மா."

புகாரி.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பனிமலையிலிருந்து போன் வரும். நாங்க ஆறு பேரு, நடுவுல புகாரி, என்பார். மாமாவாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே வைத்துக்கொண்டாள்.

"நைனா, புகாரி மாமா இன்னா பண்றாரு?"

"எரிஞ்சிக்கினு கீறாரும்மா."

கோபக்காரர் போலிருக்கிறது.

ஆனாலும் போனை வைக்கும் முன் சொல்வாள். "மாமாவக் கேட்டேன்னு சொல்லு."

அடுத்த முறை பேசும்போது, சொல்லிட்டேம்மா, என்பார். ஒரு நாளும் திருத்தவில்லை.

லீவில் வந்தால் தலையணை உறை கருக்கும். தலைக்குச் சாயம் பூசி எவளைப் பார்க்கப் போனாய் என்று சிரித்துக்கொண்டே அம்மா துவைப்பாள்.

சாயமில்லை. மூக்கிலிருந்து வந்த கரி.

புகாரி ஆள் இல்லை, குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பு என்று வளர வளரத் தெரிந்துபோனது. மீதி கல்லூரியில் தெரிந்தது. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். காற்றோட்டமில்லாத இடத்தில் மண்ணெண்ணெய் எரிந்தால் என்ன வரும்? மூன்று மதிப்பெண் கேள்வி. காற்றோட்டமில்லாத இடம் எது என்று அவளுக்குத் தெரியும். சந்து பொந்தெல்லாம் சாக்கு அடைத்த ஒரு குடில். உள்ளே ஆறு பேர். குளிர்காலம் முழுக்க.

மூன்றுக்கு மூன்று வாங்கினாள். அன்று சாப்பிடவில்லை.

புகாரி என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். புகார் என்று ஒரு தடவை சொன்னதில்லை.

"புகைக்குள்ள கெடந்து வேல பாத்திருக்கியளா?" மேஜர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

கத்தத்தான் வாயெடுத்தாள். வேறு ஒன்று வந்தது.

"நைனா, புகாரி மாமா இன்னா பண்றாரு?"

மேஜர் நிமிர்ந்தார். "அது யாரு?"

நைனா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலானது. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நாற்காலியிலேயே இரண்டாக மடிந்தார். அவள் முதுகைத் தடவினாள். எலும்பு எலும்பாகக் கைக்கு அகப்பட்டது.

அடங்க நேரமானது.

பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவரப் போட்டுக் குடுக்கச் சொல்றியா?"

கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் குளுருல அவரு இல்லன்னா எங்க ஆறு பேர்ல ஒருத்தன் ஊர் வந்து சேர்ந்திருக்க மாட்டான். நீ நைனான்னு கூப்பிட ஆளு இருந்திருக்காது."

இத்தனை வருடமும் அவர் புகார் சொல்லாததை அவள் பயம் என்று நினைத்திருந்தாள்.

கைக்குட்டையை அவர் கையிலிருந்து வாங்கினாள். மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள்.

"போட்டுக் குடுக்க வேணாம் நைனா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லு."

அவர் காலரைச் சரிசெய்தார். நாற்காலியை மேஜர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார்.

"புகாரின்னு ஒருத்தரு இருந்தாரு சார்," என்று ஆரம்பித்தார். "தங்கமான ஆளு."