சுருள் கோரை

வயலில் முளைத்தால் வேரோடு பிடுங்கி எறிகிற கோரையைத்தான், சுருள் சுருளாக வளர்கிறதென்று என் கணவர் திருமாறன் தோட்டத்துத் தொட்டியில் வைத்துக் கொஞ்சினார். வேர் எப்போதும் தண்ணீரிலேயே நிற்க வேண்டுமாம். நின்ற தண்ணீர் பாசி பிடித்து, மீன் கழுவிய வாடை அடித்தது. கொசு ஒழிக்க வந்த பெண் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“புழு நெளியுது சார். கொட்டிடுங்க, இல்லன்னா மருந்து ஊத்திடுவேன்.”

“மருந்தா? செடி செத்துடும்மா. நல்ல தண்ணி இது.” என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தொட்டியில் முக்கி, மடமடவென்று குடித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓரடி நகர்ந்து நின்று கேட்டாள்.

“வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் இருக்கா?”

“யாருக்கும் இல்ல.” நான் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். அவள் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிவிட்டுப் போனாள்.

டம்ளரில் மிச்சமிருந்ததைக் கோரைக்கே ஊற்றிவிட்டு உள்ளே வந்தார். அனத்திக்கொண்டு கிடந்த மகளின் நெற்றியில், பாசி ஒட்டிய மீசையோடு முத்தம் வைத்தார்.

“சூடு குறைஞ்ச மாதிரிதான் இருக்கு.”

அவளுக்காக வைத்த வெந்நீர் அடுப்பில் தளதளவென்று கொதித்தது. துணி பிடித்து இறக்கி, பாத்திரத்தோடு தொட்டிப் பக்கம் திரும்பினேன். தோட்டத்துக் கதவு திறந்தேதான் கிடந்தது.