மீனாம்பிகையின் அதட்டல்

"மேசை!"

இன்னும் வெயில் ஏறவில்லை. அதற்குள் மீனாம்பிகையின் குரல் மதிலைத் தாண்டி வந்தது.

"துவாய்! சப்பாத்து!"

பக்கத்து வீட்டு நல்லம்மா தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். மீனாம்பிகையின் மகன் கேதீஸ்வரன் கொலம்பியாக்காரி ஒருத்தியைக் கட்டி மருதனார்மடத்துக்குக் கூட்டி வந்து நாலு மாதம். அவனுக்குக் கொழும்பில் வேலை. சனி, ஞாயிறில்தான் வருவான். மற்ற நாட்களில் மாமியாரின் ராச்சியம்.

"குசினி!"

இதற்கு மேல் நல்லம்மாவால் பொறுக்க முடியவில்லை. படலையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஏன் மீனாம்பிகை, வந்த பிள்ளையை இப்பிடியே வேலை வாங்கிறது? மேசையைத் துடை, தலை துவட்டின துவாயைத் தோய், சப்பாத்துக்குப் பொலிஷ் போடு, குசினிக்குப் போய்ச் சமை..."

"துடை எண்டு சொன்னனானோ அக்கா? தோய் எண்டு சொன்னனானோ?"

"அதைச் சொல்லவும் உனக்குப் பஞ்சியாக்கும். பாவமடி, கடல் தாண்டி வந்த பிள்ளை."

"அவள் தன்ரை பேரைச் சொன்ன அண்டைக்கு உந்தப் பாவம் எங்கை போனது?"

அன்றைக்குப் போலவே இப்போதும் நல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லூஸ் எண்டு ஆரும் பிள்ளைக்குப் பேர் வைப்பினமோடி?"

"அங்கை அதுக்கு வெளிச்சம் எண்டு கருத்தாம். சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனால் மரக்கறிக்காரன் 'லூசு வருது' எண்டான். அதோடை அவள் அறையை விட்டு வெளிக்கிடேல்லை. சாப்பாடும் இல்லை. வந்து பார்த்த டொக்டர் கேட்டார், அவளின்ரை பாஷையிலை கதைக்க வீட்டிலை ஆர் இருக்கினமெண்டு."

நல்லம்மாவின் சிரிப்பு நின்றது.

"ஆர் இருக்கினம்?"

"மகன் நிக்காத நாளிலை ஒருத்தரும் இல்லை. ஒருநாள் பேக்கரியிலை வாங்கினதைத் தட்டிலை கொண்டுபோய்ச் சும்மா 'பாண்' எண்டன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் எழும்பி இருந்தாள்."

வீட்டுக்குள்ளிருந்து ஓர் இளங்குரல் கத்தியது.

"அர்மாரியோ!"

"அலுமாரி!" என்று மீனாம்பிகை திருப்பிக் கத்தினாள். உள்ளே ஒரு சிரிப்பு உருண்டது.

"என்னடி இது?"

"அந்தக் காலத்திலை போர்த்துக்கேயப் பறங்கியள் இங்கை விட்டிட்டுப் போன சொல்லுகள் அவளின்ரை பாஷையிலையும் கிடக்கு, அக்கா. எனக்கு ஆறு தெரியும். அந்த ஆறையும் வைச்சுத்தான் விடிஞ்சதிலையிருந்து ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருக்கிறம்."