துண்டுக்கு அடியில்

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையைத் தூக்குவது குற்றம் என்று அறிவித்திருந்தார்கள். அப்படித் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்களைச் சுட்டபோது செத்தவர்களில் மாட்டுத் தரகர் நாச்சிமுத்துவின் மகனும் ஒருவன். எழவுக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வந்தால் பெயரை எழுதிக்கொள்வார்களே என்ற பயம்.

அடுத்த வாரமே நாச்சிமுத்து சந்தைக்குப் போனார். வழக்கம்போலக் கைமேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரல்களைப் பிடித்து விலை பேசினார். முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பதுதான் அந்தத் தொழிலே.

காரிக் காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்த வெளியூர்க்காரன் ஒருவன், "சொல்லுங்க, படிஞ்சா இப்பவே ஓட்டிட்டுப் போயிடறேன்" என்று கையை நீட்டினான். துண்டுக்கடியில் அந்தக் கையைத் தடவினார். நடுவிலிருந்த மூன்று விரல்களும் மடங்கியிருக்க, கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீண்டிருந்தன. எந்த விலைக்கும் அப்படியொரு பிடி கிடையாது. மகன் போனபிறகு துக்கம் விசாரிக்க முதல் ஆள் வந்தது போலிருந்தது அவருக்கு. அவரும் அதே விரல்களை நீட்டி அந்தக் கையோடு சேர்த்தார்.

மணிக்கட்டில் பிடி இறுகியது. அது போலீஸ்காரன் பிடி.

"பையன் சொல்லிக் குடுத்தானாக்கும்?" என்றான் அவன், சிரித்தபடி.

"இல்லீங்க, நாந்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றார் நாச்சிமுத்து. இடது கையால் துண்டை உருவி எறிந்துவிட்டு, பிடிபட்ட கையை அப்படியே தலைக்குமேல் தூக்கினார்.

சந்தையில் இருந்த அத்தனை பேரும் மாட்டின் பல்லைப் பார்க்கக் குனிந்துகொண்டார்கள்.